தொண்டையில் வைத்த கை

என் அக்காவுக்கு வாய் நீளம் என்று சொன்னால் தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள். பிறவியிலேயே காது கேட்காதவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதவள், அவளுக்கு என்ன வாய் நீளம் என்று கேட்பார்கள். மைசூர் மண்டி மொஹல்லாவில் அவளோடு ஒரு தடவை காய்கறி வாங்கப் போயிருந்தால் தெரிந்திருக்கும். கத்தரிக்காயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு அவள் காட்டுகிற சைகையைப் பார்த்துக் கடைக்காரரே விலையைக் குறைப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும். கையில் பை இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். அவள் பையைக் கீழே வைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

போன வருஷம் அவளை அடக்கம் செய்தோம். அவளைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் வேண்டியது தன்னம்பிக்கை, சாதனை, முன்மாதிரி. எனக்கு அந்த வார்த்தைகளைக் கேட்டாலே எரிச்சலாக வருகிறது. நான் அவளுடைய கைகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அம்மா இதே மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். அக்காவுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும், படித்தவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் என்று அந்தக் காலத்தில் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரிடமும் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். கையால் பேச விட்டுவிட்டால் இந்தக் குழந்தைக்கு வாயால் பேச வரவே வராது, கையைத் தடுங்கள். அக்கா படித்த பள்ளியிலும் அதுதான் முறை. பிள்ளைகள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, டீச்சரின் உதட்டைப் பார்க்க வேண்டும். கையை வெளியே எடுத்தால் புறங்கையில் அடி விழும். நம் வகுப்பில் பேசினால் அடி விழுமே, அதே மாதிரிதானே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நமக்கு மணியடித்த பிறகு பேசலாம். அவர்களுக்கு வீட்டிலும் அதே சட்டம்தான்.

வீட்டில் அம்மாவிடம் ஒரு மர ஸ்கேல் இருந்தது. நானும் அக்காவும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து சைகையில் பேசிக்கொள்வோம். அந்தப் பாஷையை அக்கா பள்ளிக்கூடத்துக் கழிவறையில் மற்றப் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மேஜை விரிப்பு அசைவதைப் பார்த்து அம்மா கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு முதுகில் ஒன்று, அக்காவுக்குப் புறங்கையில் ஒன்று. அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அடித்துவிட்டுச் சமையலறையில் போய் அழுவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அக்காவை எதிரில் உட்கார வைத்து, அடி வாங்கிய அவளுடைய அதே கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வாள். "அம்மா" என்பாள். தொண்டை அதிர்வது அக்காவின் உள்ளங்கைக்குத் தெரியும். அந்தக் கையை எடுத்து அக்காவின் தொண்டையில் வைப்பாள். இப்போது நீ சொல். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதுதான் அவர்களுக்கு வேலை.

அக்கா அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தாள். ஆனால் ஒருநாள் பஸ்ஸில் அக்கா அம்மாவைக் கூப்பிட, அந்தக் குரலைக் கேட்டு முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். காது கேட்காவிட்டாலும் சிரிப்பு கண்ணுக்குத் தெரியுமே. வயதுக்கு வந்த பெண், ரோஷக்காரி. அன்றோடு வாயை மூடிக்கொண்டாள், அப்புறம் திறக்கவே இல்லை.

அம்மா சைகை கற்றுக்கொள்ளவும் இல்லை. கற்றுக்கொண்டால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அப்பா போன பிறகு நாங்கள் விஜயநகருக்கு வீடு மாறினோம். அங்கே அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது எழுதிக் காட்டக் காலண்டர் தாளின் பின்பக்கமும், சைகையைச் சொல்ல நானும்தான். நான் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை அந்த வீட்டில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற வேலை பார்த்தாள். மற்ற நேரமெல்லாம் ஊரில் காது கேளாதவர்களுக்கு இருந்த சின்னச் சங்கத்துக்குத் தலைவி. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, காலேஜ் காலேஜாகப் போய்ச் சண்டை போடுவதுதான் அவர்கள் வேலை. லீவு போட்டுவிட்டுக் கூடவே போவது என் வேலை. உள்ளே நுழைந்ததும் யாரையும் கும்பிடுவதற்கு முன்னால் அவள் பார்ப்பது பிள்ளைகளின் கைகளை. டெஸ்க் மேல் இருக்கிறதா, தொடைக்கு அடியில் இருக்கிறதா. அதற்கடுத்து வெளிச்சம். டீச்சர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் உதடு தெரியாது. கடைசியில் நாற்காலிகள். வரிசையாகப் போட்டிருந்தால் முன்னால் இருப்பவர் பேசுவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது என்று, யார் வீடு, யார் ஆபீஸ் என்று பார்க்காமல் நாற்காலிகளை இழுத்து அரைவட்டமாகப் போட்டுவிடுவாள். பியூன்கள் முறைப்பார்கள். நான் அவர்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பேன்.

எனக்கு அவள் இரண்டு சட்டம் போட்டிருந்தாள். ஒருவர் பேசுவதை நான் சைகையில் சொல்லும்போது, யாரிடம் பேசுகிறாரோ அவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். இரண்டாவது, அறையில் யார் என்ன பேசினாலும் சொல்லியாக வேண்டும். திட்டு, கிசுகிசு, போன் பேச்சு எல்லாம். "அப்புறம் சொல்றேன்" என்பதைப் போல அவளுக்குக் கோபமூட்டுகிற வார்த்தை வேறு கிடையாது. வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என்ன என்று அவள் கேட்பாள், ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது என்று அவள் பிள்ளை வயதிலேயே தெரிந்துகொண்டாள்.

அவளுடைய கடைசிச் சண்டை ஒரு காலேஜோடு. பெயர் வேண்டாம். அங்கே பி.காம் வகுப்பில் காது கேளாத பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல விஷயம்தான். சேர்த்ததும் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். ஆனால் வகுப்பில் அந்தப் பெண்கள் பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. பாடத்தைச் சைகையில் சொல்ல ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள் என்பது அக்காவின் கோரிக்கை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிரின்சிபால் மரியாதையானவர். போகும்போதெல்லாம் காபி வரும். ஆனால் அக்கா பேசப் பேச அவர் என்னையே பார்ப்பார், பதிலும் எனக்குத்தான் சொல்வார். முதல் தடவையே அக்கா மேஜையைத் தட்டினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பியதும் என்னைச் சுட்டிக் காட்டிச் சொன்னாள்: இவள் போஸ்ட்மேன். கடிதம் என்னுடையது. என்னைப் பாருங்கள். என்னைப் பற்றி அவள் சொன்னதை நானே குரல் கொடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரித்துவிட்டார். அப்புறமும் என்னைத்தான் பார்த்தார்.

"முந்தின வர்ஷ நோடோணா மேடம்" என்பார் ஒவ்வொரு தடவையும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. கன்னடத்தில் முந்தின என்றால் வரப்போகிறது, தமிழில் கடந்துபோனது. அவர் கன்னடத்தில்தான் சொன்னார், எங்களுக்கு நடந்ததெல்லாம் தமிழில் என்று நான் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு இந்த வருஷம் திரும்ப வராது என்றாள். ஒருநாள் பிரின்சிபால், "உங்க தங்கச்சியே இவ்வளவு நல்லா செய்றாங்களே, வாரத்துல ஒரு நாள் வந்து சேவையா செய்யலாமே" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை, சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு வாத்தியாரைச் சேவைக்கா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். வீடு வரும்வரை என்னோடும் பேசவில்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. நுரையீரலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐசியுவில் தொண்டையில் குழாய் விட்டார்கள். நான் ஆபீசிலிருந்து பதறிக்கொண்டு போய்ப் பார்த்தபோது அவளுடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு பட்டையால் கட்டியிருந்தார்கள்.

நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. நர்ஸ் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். "ட்யூபைப் பிடுங்கிடுவாங்க மேடம். எல்லா பேஷன்ட்டுக்கும் இப்படித்தான்."

"எல்லா பேஷன்ட்டும் வாயால பேசுவாங்க. இவ கையாலதான் பேசுவா."

"ட்யூப் இருக்கும்போது யாருமே பேச முடியாது மேடம்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் மேலேயும் பழி போட முடியாத இடத்தில் என் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஒரு கையை மட்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். டாக்டரைக் கேட்க வேண்டும், காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டுச் செய்கிறோம் என்றாள். அக்காவுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். பட்டைக்குள் விரல் நுனிகள் அசைந்தன. சைகை என்பது விரல் மட்டும் இல்லை, தோளும் முழங்கையும் முகமும் சேர்ந்தால்தான் அது பேச்சு. முகத்தைப் பாதிக்குமேல் பிளாஸ்திரி மறைத்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவள் கையை வாசித்தவள் நான், எனக்கே ஒன்றும் புரியவில்லை. காலையில் ஒரு கையை அவிழ்ப்பார்கள், அப்போது சொல் என்று சைகை காட்டினேன். கண்ணை மூடித் திறந்தாள். பார்வை நேரம் முடிந்தது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். விடிவதற்குள் போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, அவளுக்குப் பிடித்த பச்சைப் பட்டு உடுத்தி, கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடத்தினார்கள். கல்லறைக்கு, மாதா கோயிலுக்கு, சொந்தக்காரர்களுக்கு என்று நான் போனும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பெட்டியின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. சங்கத்து ஆட்கள் வந்தார்கள், காலேஜ் பெண்களும் வந்தார்கள். வந்தவர்கள் யாரும் சொல்லாமலே, வரிசையாகக் கிடந்த நாற்காலிகளை இழுத்துப் பெட்டியைச் சுற்றி அரைவட்டமாகப் போட்டார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

பிரின்சிபாலும் மாலையோடு வந்திருந்தார். ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். தைரியசாலி, போராளி என்றெல்லாம் சொன்னார். கடைசியில், அக்காவின் நினைவாக அடுத்த வருஷம் காலேஜில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கட்டாயம் நியமிக்கப்போவதாக அறிவித்தார். அந்தக் கூடத்தில் அதைச் சைகையில் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. அவள் சாவுக்கு அழக்கூட எனக்கு உட்கார இடமில்லை, எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். அந்த நியமனம் அப்புறம் நடந்தது, வாரத்தில் இரண்டு நாளுக்கு. அதற்குள் அந்தப் பெண்களில் ஒருத்தி படிப்பை விட்டுவிட்டு ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். என் கம்பெனி பஸ் அவளுடைய ஸ்டாப்பைத் தாண்டித்தான் போகிறது.

அன்றைக்கு அவளும் அரைவட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடித்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டாள். ஏன் கட்டியிருக்கிறீர்கள்?

அப்போதுதான் நானும் பார்த்தேன். அக்காவின் கைகளை மார்பின்மேல் கூப்பி, இரண்டு கட்டைவிரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டி, அதன்மேல் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள்.

"யார் கட்டினது?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பெட்டி கொண்டுவந்த ஆள் முன்னால் வந்தார். "எல்லாருக்கும் கட்றதுதான்கா. இது பத்ததி. கட்டல்லன்னா கை விலகிடும்."

"விலகட்டும். அவிழுங்க."

ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வார்த்தை, எல்லாருக்கும். பெரியம்மா ஒருத்தி என் தோளைப் பிடித்து, "சும்னிரு, கத்தாதே, ஃபாதர் நிக்கிறார், ஜனம் பார்க்குது" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் அவள்தான். "அம்மா, அவ வாயைக் கட்டி அனுப்பப்போறாங்க" என்றேன்.

அம்மா எழுந்தாள். பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னாள். ஜெபமாலையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு முடிச்சில் கை வைத்தாள். முடிச்சு இறுகியிருந்தது. யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வெகுநேரம் போராடி அவிழ்த்துத் துணியை உருவினாள். கைகள் விலகவில்லை. அவை விறைத்து, வைத்த இடத்திலேயே இருந்தன. எதற்காகக் கட்டினார்கள் என்றுகூட எனக்குப் புரியவில்லை.

அம்மா அக்காவின் வலது கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. பிறகு பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகு வலிக்காரி, மெல்லக் குனிந்து, தன் தொண்டையை அந்தக் கையிடம் கொண்டுபோனாள். உள்ளங்கை முழுதாகப் படவில்லை. விரல்களின் ஓரம் பட்டது. அப்படியே இருந்துகொண்டு, குழந்தைக்குப் பாடம் சொல்லுகிற நிதானத்தில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உன் கைய நான் அடிச்சேன்டி."

கூடத்தில் பக்கத்தில் இருந்த எங்கள் சிலருக்குத்தான் அது கேட்டது. காலேஜ் பெண் என் புடவையை இழுத்தாள். அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று காட்டத் தூக்கிய கையை நான் பாதியில் நிறுத்தினேன். அக்காவின் வீட்டில், அக்காவின் எதிரில், அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா பேசியது அக்காவிடம். அதனால் பெட்டியின் கால்மாட்டுக்குப் போய், அக்கா பார்க்கும்படி நின்றேன். ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டினேன். நான், உன், கை, அடித்தேன். என் வலது கையால் என் இடது புறங்கையில் ஒரு அடி.

அம்மா நிமிர்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது அதுதானா?"

"ஆமாம்மா."

"இவ்ளோதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மெதுவா இன்னொரு தடவை காட்டு."

காட்டினேன். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று கையை அமர்த்தினார். அம்மா என் பக்கத்தில் வந்து, நான் நின்ற இடத்தில் நின்றாள். அவிழ்த்த துணி இன்னும் அவள் விரலில் சுற்றியிருந்தது. தன்னைத் தொட்டுக் காட்டினாள், அக்காவைக் காட்டினாள், பிறகு தன் இடது புறங்கையில் வலது கையால் அடித்தாள். நான் காட்டியதைவிட ஓங்கியே அடித்தாள். சத்தம் எனக்குக் கேட்டது.

அம்மா அக்காவிடம் கையால் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். அக்கா அதைப் பார்க்கவில்லை.